பட்டப்பகலில் சாகப் படித்த கதை

கிளிநொச்சியில் நடிப்பு வகுப்பு நடத்துகிற பிள்ளைகள் இரண்டு பேர் போன மாதம் என்னைப் பார்க்க வந்தார்கள். சட்டைக் கழுத்தில் கொழுவுகிற சின்ன மைக் ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். மூச்சு விட்டாலும் கடைசி வரிசைக்குக் கேட்குமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏன் ஐயா சிரிக்கிறீங்கள்?" என்று அதிலே வந்த பெண்பிள்ளை கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை, நான் மூச்சு விடாமல் கிடக்கப் படிச்சு நடிகனானவன். நீங்கள் மூச்சுக்கு மைக் பிடிக்கிறியள்."

"அப்ப அந்தக் கதையை எழுதித் தாங்கோவன். எங்கட வகுப்பில வாசிக்கலாம்."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பிள்ளைகள் திருத்திக்கொள்ளட்டும். கதையில் பிழை இல்லாமல் பிள்ளையார் பார்த்துக்கொள்வார்.

ஐம்பதுகளின் கடைசியில் வவுனியா ஸ்டேசனுக்குப் பின்பக்கம் ஒரு நெல்லுக் களஞ்சியம் சும்மா கிடந்தது. அதை வாடகைக்கு எடுத்து அருளம்பலம் மாஸ்ரர் நடிப்புப் பயிலகம் நடத்தினார். மாஸ்ரர் இளவயதில் இந்தியாவிலிருந்து வந்த நாடகக் கொம்பனி ஒன்றோடு ஊரூராகத் திரிந்து தொழில் பழகியவர். பிறகு ரயிலில் கார்ட்டாக வேலை பார்த்து, அதையும் விட்டுவிட்டு வந்தவர். அவர் ரயிலை விட்டாலும் ரயில் அவரை விடவில்லை. வெள்ளைக் கால்சட்டை, சங்கிலி போட்ட மணிக்கூடு, கழுத்தில் விசில். கக்கத்தில் ஒரு பச்சைக் கொடி, ஒரு சிவப்புக் கொடி. பழைய வேட்டியைக் கிழித்து அவரே சாயம் தோய்த்தவை.

பயிற்சி முழுக்க அந்தக் கொடிகளில்தான். பச்சையைக் காட்டினால் அழவேண்டும். சிவப்பைக் காட்டினால் கண்ணீர் கன்னத்தில் எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்தில் நிற்கவேண்டும். அது நடக்கிற காரியமா என்று கேட்காதீர்கள். அவர் முகத்தைப் பார்த்தால் கண்ணீருக்கும் பயம் வரும். ஆனால் ஒருநாளும் சத்தம் போட்டவரில்லை, பெடியங்களை ஒருமையில் அழைத்தவருமில்லை.

"தம்பி, மேடை எண்டிறது ஒரு ஸ்டேசன். வரவேண்டிய நேரத்துக்கு வாரும். நிக்கவேண்டிய இடத்தில நில்லும். சனம் ஏறி முடியுமட்டும் வெளிக்கிடாதையும். இவ்வளவுந்தான் நடிப்பு. மிச்சமெல்லாம் பவுடர்."

நன்றாகச் செய்தால் "நேரத்துக்கு" என்பார். சுமாராக இருந்தால் "பிந்தி" என்பார். மோசமாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் மணிக்கூட்டுக்குச் சாவி கொடுப்பார். "தடம் பிரண்டிட்டுது" என்று சொல்லிவிட்டால் அந்த ஆள் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். நான் இருந்த காலத்தில் இரண்டொரு பேர் அப்படிப் போனார்கள். ஒருவன் பிறகு நல்ல கள்ளுத் தவறணை வைத்துப் பிழைத்தான்.

எனக்கும் பெட்டி எந்த நேரமும் வாசலில் நின்றதுபோலத்தான். எங்கள் ஊர் கனகராயன்குளம். என்னைப் பெற்ற ஐயாவுக்கு வயலும் மாடும் நானும் ஒன்று. மூன்றும் விடியமுன்னம் எழும்பவேண்டும், மூன்றும் சொன்ன சொல் கேட்கவேண்டும். நான் நடிக்கப் போகிறேன் என்று சொன்ன நாளில் அவர் சுருட்டைப் பற்றவைத்தார். சுருட்டு முடிந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"சிறுபோகம் முடிஞ்சுது. இப்ப போ. காலபோக விதைப்புக்கு முன்னம் அந்த மனிசன் உன்னைத் தன்ர நடிகன் எண்டு நிலையா எடுத்தால் நான் ஒண்டும் சொல்லன். எடுக்காட்டி, வண்டில் கொண்டு வருவன். பெட்டியை ஏத்திக்கொண்டு பேசாமல் வரவேணும். பிறகு இந்தக் கதை இந்த வீட்டில இல்லை."

நானும் ஓம் என்று பிள்ளையார் படத்துக்கு முன்னால் சத்தியம் பண்ணிவிட்டு வெளிக்கிட்டேன். இரண்டு போகத்துக்கும் நடுவில் கிடந்த அந்த ஒரு இடைவெளிதான் எனக்கு வாழ்வு.

மாஸ்ரர் என்னைச் சாகிற வேசத்துக்கு எடுத்தார். அவர் தானே கட்டிய நாடகம் அது. அண்ணன் அரசன், தம்பி இளவரசன். கோள் சொன்னவர்களின் பேச்சை நம்பி அண்ணன் தம்பியை வெட்டிப்போடுகிறான். பிறகு வேற்றூரிலிருந்து மந்திரி ஒருவர் வந்து தம்பி குற்றமில்லாதவன் என்று காட்ட, அண்ணன் மனம் உடைகிறான். ஆள் பற்றாக்குறையால் முன்பாதியில் சாகிற தம்பியும் நான்தான், பின்பாதியில் மீசை வைத்துக்கொண்டு வருகிற மந்திரியும் நான்தான். அண்ணன் வேசம் றபீக். முல்லைத்தீவில் அவனுடைய வாப்பாவுக்குப் புடைவைக்கடை. எங்கள் உடுப்பெல்லாம் அவர் தந்த வெட்டுத்துணியில்தான் தைத்தது.

வேறிடங்களில் செத்த வேசம் சுகமான வேலை. இரவு மேடை, மங்கல் வெளிச்சம், மூச்சு விட்டாலும் ஆருக்கும் தெரியாது. வன்னியில் அப்படியில்லை. நாங்கள் ஆடப்போகிற காட்டோரக் குடியேற்றத்திட்டங்களில் பொழுது பட்டால் யானை இறங்கும். அதனால் எங்கள் நாடகங்கள் பின்னேரம் தொடங்கி, பொழுது படமுன்னம் முடியவேண்டும். பட்டப்பகலில், முன்வரிசைச் சிறுவர்கள் தொட்டுப் பார்க்கிற தூரத்தில் கிடந்து சாகவேண்டும். வயிறு அசைந்தால், "அந்தா, மூச்சு விடுறார்!" என்று ஒரு குரல் வரும். அதோடு நாடகம் முடிந்தது.

ஆகையால் மாஸ்ரர் சாவை முறையாகப் படிப்பித்தார். முதலில் விழுகிற பாடம். உமிச் சாக்கு விரித்து, முழங்கால், துடைச்சதை, தோள், கடைசியாகத் தலை. "தலை முந்திப் போனால் நீர் நடிக்கத் தேவையில்லை, உண்மையாவே போயிடுவீர்." அடுத்தது கிடக்கிற பாடம். முக்கால்வாசி மல்லாந்து, முகம் சனத்தின் பக்கம் கொஞ்சம் சரிந்து, உள்பக்கக் கை இடுப்புக்குக் கீழே. இமை முழுக்க மூடக்கூடாது. ஒரு மயிரளவு திறந்திருந்தால்தான் இமை துடிக்காது, கொடியும் தெரியும்.

அதற்குப் பிறகுதான் மூச்சு. வயிற்றில் சிரட்டை வைத்துத் தண்ணீர் நிரப்புவார். நெஞ்சாலும் வயிற்றாலும் மூச்சு எடுத்தால் தண்ணீர் தளம்பும். முதுகால் எடுக்கவேண்டும். விலா எலும்பின் பின்பக்கத்தைத் தரையோடு அழுத்திச் சின்னச் சின்னதாக, அதுவும் மத்தளம் அதிருகிற நேரத்தில் மாத்திரம். சிந்தினால் விசில். திரும்ப விழவேண்டும். நுளம்பு கடித்தாலும் அசையக்கூடாது. றபீக் ஒருநாள் முசுறு எறும்புக் கூடு ஒன்றை உடைத்து என் காலடியில் போட்டுவிட்டு, "மாஸ்ரர், நான் ஒண்டும் செய்யேல்லை, அது தானா வந்தது" என்றான். அன்றைக்கு நான் பட்ட பாட்டை முருகன்தான் அறிவார். தண்ணீர் சிந்தவில்லை. மாஸ்ரர் மணிக்கூட்டைப் பார்த்து "நேரத்துக்கு" என்றார். இரவு முழுக்கத் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு கிடந்தேன்.

எனக்கு ஒரு மனக்குறை இருந்தது. சாவை விளையாட்டாகச் செய்யலாமோ? அதனால் விழுமுன்னம் மனத்துக்குள் ஒரு விண்ணப்பம் வைப்பேன். "பிள்ளையாரப்பா, இது சும்மா. எமதர்மராசாவுக்கு ஒருக்காச் சொல்லிவிடும், ஆள் அனுப்பிப்போடாமல்." இதை ஒருநாளும் மறந்ததில்லை.

விதைப்புக் காலம் கிட்டிவிட்டது. வானம் கறுத்துக் கறுத்துக் கலைந்தது. மாஸ்ரர் என்னை எடுத்தேன் என்றும் சொல்லவில்லை, விட்டேன் என்றும் சொல்லவில்லை. எங்கள் ஊருக்குக் கிட்டவே காடு வெட்டிப் புதிதாய்க் குடியேறிய திட்டம் ஒன்றில், விதைப்புக்கு முன்னம் வைக்கிற பிள்ளையார் கோவில் பொங்கலுக்கு நாடகம் கேட்டிருந்தார்கள். யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்த சனம். "அங்க பாத்து முடிவு சொல்லுறன்" என்றார் மாஸ்ரர். விசயம் ஐயாவுக்கும் போய்விட்டது.

நாங்கள் லொறியில் போய் இறங்கியபோது, கோவில் வெளியில் எங்கள் வண்டில் நின்றது. மாடுகள் அவிழ்த்துக் கட்டியிருந்தன. ஐயா என்னைப் பார்த்து, "பெட்டி எங்க?" என்றார். லொறியிலிருந்து என்னுடைய தகரப்பெட்டியை இறக்கி, வண்டிலில் ஏற்றி, வைக்கோல் போட்டு இறுக்கியும் விட்டார். மாஸ்ரர் அதையும் பார்த்தார். மணிக்கூட்டுக்குச் சாவி கொடுத்தார்.

நாடகம் தொடங்கியது. தரையைக் கொஞ்சம் உயர்த்தி மண் மேடை. பின்பக்கம் ஒரு திரை. மாஸ்ரர் ஓரத்தில் கொடிகளோடு நின்றார். என்னுடைய வேசத்தை வெட்டு விழுகிற இடம்வரைக்கும் ஒழுங்காய்க் கொண்டுபோனேன். றபீக் மரவாளை ஓங்கினான். நான் விண்ணப்பத்தை வைத்தேன். முழங்கால், துடை, தோள், தலை. சிவப்புக் கொடி உயர்ந்தது. சனம் மூச்சுக் காட்டவில்லை. நானும்தான்.

அந்த நேரம் பெண்கள் பக்கத்தில் ஒரு விம்மல் கேட்டது. பிறகு ஒருத்தி எழும்பி மேடைக்கு நடந்து வந்தாள். பூரணம் அக்கா என்று பிறகுதான் பெயர் அறிந்தேன். முப்பத்தைந்து வயது மதிக்கலாம், நல்ல வாட்டசாட்டமான மனிசி. வந்து என் தலைமாட்டில் இருந்து, என் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஒப்பாரியைத் தொடங்கினாள்.

"வெள்ளம் வழி மறிக்க விரைஞ்சு வர ஏலாமல்
கள்ளி நான் இருந்தேனே, காடு காத்து நிண்டேனே!
தோளிலை தூக்கினேனே, தொட்டிலிலை ஆட்டினேனே,
வாயிலை அரிசி போட வாசலுக்கு வரேல்லையே!"

எனக்குப் பொறி தட்டியது. இது இளவரசனுக்கு அழுகிற அழுகையில்லை. முழு விபரமும் பின்னால்தான் தெரிந்தது: போன மாரியில் வெள்ளம் பாதையை மூடிக்கிடந்த நாளில், யாழ்ப்பாணத்தில் அவளுடைய தம்பி செத்துப்போயிருக்கிறான். போக வழியில்லை. போய்ச் சேர்ந்தபோது எட்டாம் நாள் செய்கிற எட்டுச் செலவும் முடிந்துவிட்டது. பிரேதமில்லாமல் ஒப்பாரி சொல்லலாமா? அவள் அதை அன்றுவரைக்கும் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு களை பிடுங்கியிருக்கிறாள்.

ஒருத்தி தொடங்கினால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? செத்தவீட்டு முறை தெரிந்த சனம். ஒவ்வொருத்தியாய் எழும்பி வந்து, பூரணம் அக்காவைக் கட்டிப்பிடித்து, தன் தன் தாய்க்கும் தகப்பனுக்கும் பிள்ளைக்கும் அழுதார்கள். குடியேறிய காலந்தொட்டு அந்த ஊரில் ஒரு செத்தவீடும் நடக்கவில்லையாம். எல்லாருக்கும் அழுகைக் கடன் இருந்தது. அவ்வளவு பேருக்கும் நான் ஒருவன்தான் பிரேதம்.

மத்தளக்காரர் கையை எடுத்துவிட்டார். மத்தளமில்லாமல் நான் எப்படி மூச்சு எடுப்பது? பிள்ளையார் வழி காட்டினார். பெண்கள் நெஞ்சில் அடிக்கிற நேரமாகப் பார்த்து எடுத்தேன்.

ஒரு கிழவி என் நெஞ்சில் கையை ஊன்றி அழுதவள், பக்கத்தில் இருந்தவளிடம் மெல்லச் சொன்னாள்: "எடி, இவனுக்கு நெஞ்சு அடிக்குதடி."

"அடிக்கட்டும் மாமி, நீங்கள் அழுங்கோ."

எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்புக் கிளம்பியது. முசுறுக் கடியை நினைத்துக்கொண்டேன். சிரிப்பு அடங்கியது.

இடையில் ஒருத்தி வாளோடு நின்ற றபீக்கைக் கண்டுவிட்டாள். "பாவி, கூடப்பிறந்தவனை வெட்ட உனக்குக் கை வந்ததோ?" என்று மண்ணள்ளித் தூற்றினாள். றபீக் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றவன், கடைசியில் அவனும் இருந்து அழுதான். "மச்சான், அவன்ர உம்மா செத்த ஞாபகம் வந்திட்டுது போல" என்று மத்தளக்காரர் ஆர்மோனியக்காரருக்குச் சொன்னது எனக்குக் கேட்டது.

இமை இடுக்கால் மாஸ்ரரைப் பார்த்தேன். சிவப்பு இறங்கவில்லை. சனம் ஏறி முடியவில்லை என்று அர்த்தம்.

ஆனால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆம்பிளைகள் குசுகுசுத்தார்கள். "ஆனை இறங்கப்போகுது, எப்பிடி நிப்பாட்டிறது?" ஒப்பாரியை இடையில் நிறுத்தச் சொல்ல ஆருக்கும் வாயில்லை. அது பிரேதம் எடுத்தால்தான் நிற்கும். நான் எழும்பினால் அத்தனை பேருடைய அழுகையும் பகிடியாகிப் போகும். எழும்பாவிட்டால் மந்திரி வரமாட்டார், நாடகம் பாதியில் முறியும். பாதியில் முறிந்த நாடகத்துக்கு மாஸ்ரரிடம் ஒரு பெயர்தான் உண்டு. என் பெட்டி வைக்கோலுக்குள் கிடந்தது.

அப்போது ஐயாவின் செருமல் கேட்டது.

கனகராயன்குளத்தில் எந்தச் செத்தவீடானாலும் முன்னுக்கு நிற்பது ஐயாதான். அவர் தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு மேடைக்கு வந்தார். செத்தவீட்டில் எப்படிச் சொல்வாரோ, அதே குரலில் சொன்னார்.

"பிள்ளையள், காணும். பொழுது படமுன்னம் எடுக்கவேணும். வழி விடுங்கோ."

அத்தனை அழுகையும் ஒரு தரம் உயர்ந்து, பிறகு அப்படியே தணிந்தது. ஐயா திரும்பி, "நாலு பேர் வாருங்கோ" என்றார். வந்தார்கள். தலைப்பக்கம் அவரே பிடித்தார். திரைக்குப் போகிற நேர் வழி தெற்குப் பக்கம். "தெக்கால வேண்டாம்!" என்று ஐயா உரத்துச் சொன்னார். "வடக்கால சுத்திப் போவம்." உயிரோடிருக்கிற பிள்ளையை எமனுடைய திசைக்குத் தூக்கிக்கொண்டு போவாரா? அதனால் சனத்தைச் சுற்றி, கோவிலைத் தாண்டி, எங்கள் வண்டிலையும் தாண்டி ஊர்வலம் போனது. மாஸ்ரர் விசில் ஊதிப் பச்சைக் கொடியைக் காட்டினார். மத்தளக்காரர் புரிந்துகொண்டு பறை மாதிரித் தட்டினார். சிறுவர்கள் கூடவே ஓடிவந்து என் முகத்தைக் குனிந்து குனிந்து பார்த்தார்கள். கை ஆட, தலை சரிய, நான் கிடந்தேன். தூக்குகிற அலுப்பில் ஐயாவின் மூச்சு என் நெற்றியில் பட்டது. அவர் வாயசையாமல் என் காதுக்குள் சொன்னார்:

"மூச்சு விடாதை. பாக்குதுகள்."

என்னுடைய நாற்பது வருசத் தொழிலில் எனக்கு ஆரும் சொன்ன நடிப்புப் பாடங்களில் இதைப்போல ஒன்றும் மனத்தில் நிற்கவில்லை.

திரைக்குப் பின்னால் இறக்கினார்கள். பூரணம் அக்கா செம்போடு ஓடிவந்தாள். மஞ்சள் தண்ணீரை என் தலையில் ஊற்றினாள். "உயிரோட இருக்கிறவன்ர தலையில ஒப்பாரிக் கண்ணீர் கிடக்கக்கூடாது. எழும்பு தம்பி. உனக்கு அடுத்த வேசமும் இருக்காமே? கெதியா வெளிக்கிடு." கண் சிவந்து வீங்கியிருந்தது. முகம் மழை பெய்து விட்ட வயல்போல் தெளிந்திருந்தது.

மீசையை ஒட்டிக்கொண்டு மந்திரியாய்ப் போனேன். கால் வைக்குமுன்னமே முன்வரிசையில் ஒருவன் கத்தினான்: "அந்தா, செத்த அண்ணை!" சனம் கொல்லென்று சிரித்தது. எனக்கு வசனம் மறந்தது. றபீக் அரசனாக இருந்துகொண்டு பல்லைக் கடித்தான். பெட்டி போகிறது என்று நினைத்தேன்.

பூரணம் அக்கா எழும்பி நின்றாள்.

"ஆர் சிரிச்சது? அவனுக்கு நான் அழுது முடிச்சிட்டன். அவனை எடுத்தாச்சு. இது மந்திரி. இருந்து பாருங்கோ!"

அழுதவள் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. சனம் அடங்கியது. அதற்குப் பிறகு மந்திரி சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் அந்தச் சனம் கேட்ட மாதிரி வேறெங்கும் ஆரும் கேட்டதில்லை. தம்பி குற்றமில்லாதவன் என்று நான் சொன்னபோது, "பாத்தியளே, நான் சொன்னனான்" என்று அந்தக் கிழவி பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். கடைசிப் பாட்டு முடியப் பொழுதும் பட்டது. காட்டுப் பக்கத்தில் யானை ஒன்று பிளிறியதும் சனம் கைதட்ட மறந்து வீடு பார்த்து ஓடியது.

மாஸ்ரர் கொடிகளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். ஐயாவும் சால்வையை இடுப்பிலிருந்து அவிழ்த்துக்கொண்டு வந்தார். நான் அரைமீசையோடு இருவருக்கும் நடுவில் நின்றேன். மாஸ்ரர் மணிக்கூட்டைத் திறந்து பார்த்தார். சாவி கொடுக்கவில்லை.

"வண்டி நல்லாப் பிந்திட்டுது," என்றார். "ஆனா ஒருத்தரையும் விட்டிட்டு வரேல்லை." பிறகு ஐயாவின் பக்கம் திரும்பி, "தம்பி என்னோட நிக்கட்டும். நீங்களும் விரும்பினால் நிக்கலாம், எனக்கு ஆள் பத்தாது" என்றார்.

ஐயா சால்வையைத் தோளில் போட்டார். வண்டிலடிக்குப் போய் வைக்கோலை விலக்கி, தகரப்பெட்டியை இழுத்து என் காலடியில் வைத்தார். மாட்டைப் பூட்டினார். ஏறி இருந்து கயிற்றைப் பிடித்தபோதுதான் எனக்கு வாய் வந்தது.

"ஐயா, விதைப்பு?"

"விதைக்கிறது நான்தானே. நீ எப்ப நேரா உழுதனி?"

"அம்மா கேட்டால் என்ன சொல்லுவியள்?"

ஐயா சுருட்டைப் பற்றவைத்தார். இந்தமுறை அது முடியும்வரைக்கும் காத்திருக்கவில்லை.

"பெடியன் நல்லாச் செத்தவன் எண்டு சொல்லுறன்," என்றுவிட்டு, மாட்டைத் தட்டினார். வண்டில் வடக்காலேயே சுற்றிக்கொண்டு போனது.